செல்லோவுக்கு எந்த கன்சர்வேட்டரி? மாணவர் கச்சேரியை எப்படிப் பார்ப்பது

தம்பி, வெளிநாட்டில் வந்திறங்கி ஆறு மாதம் ஆகிறது, மகள் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) வாசிக்கிறாள், மனதில் மூன்று கன்சர்வேட்டரிகள், அதாவது இசைக் கல்லூரிகள், இருக்கின்றன, மாணவர் கச்சேரிகளைப் பார்த்தே எது நல்லது என்று முடிவெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே விடுதி, விசா, குளிருக்கு எந்தக் கோட்டு என்றும். விடுதிக்கும் விசாவுக்கும் கல்லூரி அலுவலகம் இருக்கிறது. கோட்டைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். கச்சேரிக்கு வருகிறேன்.

முடிவெடுக்கலாம். ஆனால் எந்தக் கச்சேரி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நம்மவர்களில் பாதிப்பேர் வெளியாரை அழைத்துக் கல்லூரியைச் சுற்றிக் காட்டுகிற நாளில் போய் மயங்கிவிடுகிறார்கள். அன்று மேடையேறுவது மொத்தக் கல்லூரியிலும் பொறுக்கி எடுத்த நாலைந்து பேர். அவர்களில் சிலர் நன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகே அங்கே சேர்ந்திருப்பார்கள். இன்னொரு கூட்டம் வரலாறு ஒப்பிக்கும்: பாரிஸ் 1795, லண்டன் ராயல் அகாடமி 1822, லைப்சிக் கன்சர்வேட்டரியை 1843-இல் இசையமைப்பாளர் மெண்டல்சன் தொடங்கினார் என்று. தொடங்கிய ஆண்டு மகளின் இடது கட்டைவிரலைத் திருத்தப் போவதில்லை.

நீங்கள் போக வேண்டியது, ஒரே ஆசிரியரின் மாணவர்கள் எல்லாரும் அடுத்தடுத்து வாசிக்கும் மாலைக்கு. ஜெர்மனியில் கிளாஸன்ஆபென்ட் என்பார்கள், ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஸ்டூடியோ ரிசைட்டல். பெரும்பாலும் இலவசம், கூட்டமும் இருக்காது. செமஸ்டர் முடிகிற வாரங்களில் இவை குவியும். ஜெர்மனியில் ஜனவரி, பிப்ரவரி, பிறகு ஜூன், ஜூலை. மகள் நாலு வருஷம் ஒரே அறையில் உட்காரப்போவது அந்த ஒரு ஆசிரியரோடுதான். ஆகவே கல்லூரிகளை ஒப்பிடாதீர்கள், வகுப்புகளை ஒப்பிடுங்கள்.

நுழைந்ததும் நிகழ்ச்சி நிரலை வாங்கி, யார் எந்த ஆண்டு என்று பாருங்கள். அச்சிடவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் மாணவரைக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். முதலாண்டு மாணவருக்கும் கடைசி ஆண்டு மாணவருக்கும் உள்ள தூரம்தான் அந்த ஆசிரியரின் வேலை. அடுத்து, அன்று வாசித்தவர்களில் மிகச் சுமாரானவரைப் பாருங்கள். ஸ்ருதி சுத்தமாக, லயம் பிசகாமல், வில் நேராக ஓடினால் வகுப்பு ஆரோக்கியமாக இருக்கிறது. ஒருவர் பிரமாதம், மற்ற ஏழு பேரும் தடுமாற்றம் என்றால் அந்த ஒருவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எட்டுப் பேரும் ஒரே மாதிரி விப்ராட்டோ (விரலை அசைத்து ஸ்வரத்தை அதிரவைப்பது), ஒரே இடத்தில் ஒரே இழுப்பு என்றால் அதுவும் எச்சரிக்கைதான். ஆசிரியர் தன்னையே எட்டுப் பிரதி எடுக்கிறார்.

இசையமைப்பாளர் ஹைடனின் டி மேஜர் கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு தனி வாத்தியம் வாசிக்கும் படைப்பு) நிரலில் இருந்தால் விடாதீர்கள். ஆர்கெஸ்ட்ரா தேர்வுகளில் செல்லோக்காரரிடம் அடிக்கடி கேட்கும் உருப்படி அது. கட்டைவிரலைத் தந்தியின் மேல் கிடத்தி, விரல்பலகையின் உச்சியில் மெல்லிய ஒலியில் வாசிக்க வேண்டிய இடங்கள் நிறைய. ஸ்ருதி ஒரு இழை விலகினாலும் ஒளிக்க இடமில்லை. அங்கே தோள் காதுவரை ஏறுகிறதா, தாடை இறுகுகிறதா என்று கவனியுங்கள். இறுக்கத்தை வகுப்பில் யாரும் திருத்தவில்லை என்று அர்த்தம். மறதி வந்தால் பதற வேண்டாம், எல்லாருக்கும் வரும். ஓரிரு தாளக்கட்டுக்குள் மீண்டு தொடர்கிறாரா, நின்று ஆரம்பத்துக்கே ஓடுகிறாரா என்பதே கேள்வி. கூட வாசிக்கும் பியானோ ஒட்டாமல் போனால் மாணவர்மேல் பழி போடாதீர்கள். ஒரே பியானிஸ்ட் அன்று பத்துப் பேருக்கு வாசிப்பார், ஒத்திகை ஒன்றுதான் கிடைத்திருக்கும்.

முதல் வரிசையில் உட்காரவே உட்காராதீர்கள். அங்கே கேட்பது வில்லில் தேய்த்த ரோசின் பிசினின் உரசல். அரங்கில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், பால்கனியின் அடியில் அல்லாமல் உட்கார்ந்தால் ஒலி எட்டுகிறதா என்று தெரியும். ஒரே படைப்பின் மூவ்மெண்டுகளுக்கு, அதாவது பகுதிகளுக்கு, இடையில் கைதட்ட வேண்டாம். பிள்ளையின் தோழி வாசித்ததும் வரிசையாக எழுந்து போகும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

காணொளி போதுமா என்று கேட்டீர்கள். ஸ்ருதிக்கும் கைப்பழக்கத்துக்கும் போதும், ஒலியளவுக்குப் போதாது. மைக் அருகில் இருக்கும், பதிவில் உரத்ததையும் மெல்லியதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, எதிரொலியும் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். மூன்று கேமரா வைத்த நாலு நிமிட விளம்பரத் துண்டில், படம் விரலிலிருந்து முகத்துக்குத் தாவுகிற இடத்தில் ஒட்டுப்போட்டிருக்கலாம். ஒரே கேமராவில் ஓடும் முழு நேரலையைத் தேடுங்கள்.

ஆர்கெஸ்ட்ரா கச்சேரி ஒன்றுக்கும் போங்கள். கடைசி வரிசை செல்லோக்களில் வில்கள் ஒரே திசையில், ஒரே நீளத்தில் போகின்றனவா என்று பார்த்தால் போதும். நிரலில் சில பெயர்களுக்கு நட்சத்திரக் குறி இருந்தால் கீழே விளக்கத்தைப் படியுங்கள். வெளியிலிருந்து அழைத்தவர்களாக இருக்கலாம்.

முடிந்ததும் இயக்குநரோடு படம் எடுக்க ஓடாமல், வாசலில் செல்லோப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த செமஸ்டரில் ஆசிரியரே எத்தனை பாடம் எடுத்தார், எத்தனை அவருடைய உதவியாளர் எடுத்தார்? பெரிய பெயர்கள் மாதக்கணக்கில் சுற்றுப்பயணத்தில் இருப்பார்கள். இரண்டாவது, மாலை ஆறு மணிக்கு மேல் பயிற்சி அறை கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? பதில் வருமுன் அந்தப் பிள்ளை சிரித்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.