வாசகர் கேள்வி–பதில்: உடலின் அசைவும் கணினியின் கோடும்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது; ஆட்டிச நிலையாளர். மகிழ்ச்சி வந்தாலும் பதற்றம் வந்தாலும் கைகளை வேகமாக உதறுவான், முன்னும் பின்னுமாக ஆடுவான். வெப்கேமரா வழியாகக் கையசைவைக் கோடுகளாக மாற்றும் ஒரு நிரலை அவனுக்குக் காட்டினோம். அதன் முன்னால் நெடுநேரம் நிற்கிறான். அசைவைக் குறைக்கப் பயிற்சி அளித்துவரும் வேளையில், இது அதை வளர்த்துவிடாதா? இதைக் கலை என்று சொல்லலாமா? — ஒரு தாய்

பதில்: உங்கள் அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அம்மா. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநல நிலைகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த அசைவு அந்த மனிதருக்கு எதற்குப் பயன்படுகிறது என்பதை ஓர் அடையாளப் பட்டியலால் சொல்ல முடியாது. செய்பவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆட்டிச நிலையிலுள்ள பெரியவர்கள் 32 பேரிடம் கேட்டறிந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், மிகையான புலனுணர்வையும் உணர்ச்சிப் பெருக்கையும் சமாளிக்க ‘ஸ்டிம்மிங்’ எனப்படும் இவ்வசைவுகள் உதவுகின்றன என்றும், அவற்றை ஒழிப்பதையே நோக்கமாகக் கொண்ட சிகிச்சையை ஏற்கவில்லை என்றும் அவர்கள் கூறினர். தலையை மோதிக்கொள்வது, கையைக் கடித்துக்கொள்வது போல் உடலுக்குக் காயம் தரும் அசைவுகள் வேறு. அவற்றுக்கு மருத்துவரின் துணை தேவை. கையை உதறுவது யாரையும் காயப்படுத்தவில்லை என்றால், அதைக் குறைப்பது யாருடைய வசதிக்காக என்று பயிற்சியாளரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

உடலை மறைத்து அசைவை மட்டும் வரைவது புதிய முயற்சி அன்று. பிரெஞ்சு உடலியலாளர் எட்டியென்-ஜூல் மாரே 1880களிலேயே மனிதர்களுக்குக் கறுப்பு உடை அணிவித்து, கைகால்களில் வெண்ணிறப் பட்டைகள் ஒட்டி, கறுப்புப் பின்னணியில் நடக்கவைத்துப் படமெடுத்தார். உடல் மறைந்து கோடுகளின் வரிசை மட்டும் படத்தில் நின்றது. சுவீடனின் உளவியலாளர் குன்னார் யோஹான்சன், மூட்டுகளில் பொருத்திய சில ஒளிப்புள்ளிகளைக் கொண்டே, நடப்பது ஒரு மனிதர் என்று பார்ப்பவர்கள் நொடிப்பொழுதில் கண்டுகொள்வதை 1973இல் காட்டினார். ஆயினும் அப்படங்களில் எல்லாம் அசைந்தவர் ஒருவர், எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்தவர் வேறொருவர். அமெரிக்காவைச் சேர்ந்த ஆட்டிச நிலையாளர் மெல் பேக்ஸ் 2007இல் இணையத்தில் வெளியிட்ட காணொளியில் இந்த ஏற்பாடு தலைகீழானது. ஓடும் நீரில் விரல்களை அளைவது, ஆடுவது, முனகுவது ஆகியவற்றைச் சொல்லின்றி முதலில் காட்டிவிட்டு, பின்பாதியில் கணினிக் குரல் வழியாக, இவை பிறர் பொருள் கண்டுபிடிப்பதற்கான குறியீடுகள் அல்ல, தம்மைச் சூழ்ந்துள்ளவற்றோடு தாம் ஓயாமல் நடத்தும் உரையாடல் என்று அவர் விளக்கினார்.

ஆகவே கலையா இல்லையா என்பதை உங்கள் மகனின் தேர்வுகளை வைத்துத்தான் சொல்ல முடியும். கோட்டின் நிறம், தடிமன், அது திரையில் எவ்வளவு நேரம் தங்க வேண்டும், எதைச் சேமிப்பது, எதை அழிப்பது ஆகியவற்றை அவரே மாற்றும்படி நிரலை அமைத்துக் கொடுங்கள். ஒரு கோடு மறையும் வரை காத்திருந்து அடுத்த அசைவைத் தொடங்குகிறார் என்றால், அவர் ஏற்கெனவே இயற்றிக்கொண்டிருக்கிறார் என்பது என் எண்ணம். பிறருக்குக் காட்டும் முன் அவருடைய சம்மதம் வேண்டும். பேச்சைப் பயன்படுத்தாதவராக இருந்தால், திரையை அணைப்பதும் விலகிப் போவதும்கூட மறுப்புத்தான்.

கேள்வி: நான் அனிமேஷன் மாணவி. எனக்கு ஏ.டி.எச்.டி.யும் (கவனக் குறைபாடும் மிகைச் செயல்பாடும்) டிஸ்பிராக்சியாவும் (உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம்) உண்டு. என் அசைவையே, உடலசைவைக் கணினித் தரவாக மாற்றும் மோஷன் கேப்சரில் பதிவுசெய்து ஒரு படைப்பை உருவாக்குகிறேன். மென்பொருள் என் அசைவுகளைச் சீராக்கிவிடுகிறது. ஆசிரியரும் ‘சுத்தம் செய்த’ பதிவையே கேட்கிறார்.

பதில்: கேமராவை மட்டும் நம்பும் கருவிகள் ஒவ்வொரு சட்டகத்திலும் (காணொளியின் தனித்தனிப் படத்திலும்) மூட்டுகளின் இடத்தை ஊகிக்கின்றன. உடல் அசையாதபோதும் அந்த ஊகம் சற்றே நடுங்கும். அதை மறைக்க, வேகமான சிறு மாற்றங்களை வெட்டும் வடிகட்டியைச் சேர்த்திருப்பார்கள். எந்த நடுக்கம் கேமராவுடையது, எந்தத் துடிப்பு உங்களுடையது என்று அந்த வடிகட்டிக்குத் தெரியாது. கருவியின் கணக்கே உடலைக் குறுக்குவதும் உண்டு: 2010இல் வந்த கினெக்ட் என்ற அசைவறியும் கேமராக் கருவி முழு உடலையும் 20 மூட்டுகளாகவே கண்டது, விரல்கள் அதற்கு இல்லவே இல்லை. இன்றைய மீடியாபைப் என்ற மென்பொருள் ஒரு கைக்கு மட்டும் 21 புள்ளிகளைத் தருகிறது; உங்கள் அசைவு விரல்களில் இருந்தால் இந்த வேறுபாடு பெரிது.

மூலப் பதிவை மாற்றாமல் தனியே வையுங்கள். கூடவே ஒரு சாதாரணக் காணொளியும் எடுத்து இரண்டையும் சட்டகம் சட்டகமாக ஒப்பிடுங்கள். காணொளியில் இல்லாத நடுக்கத்தை மட்டும் நீக்குங்கள். நொடிக்கு ஐந்து முறை அசையும் கைக்கு, நொடிக்கு 30 சட்டகம் எடுக்கும் பதிவில் ஓர் அசைவுக்கு ஆறு படங்களே கிடைக்கும், அவையும் மங்கலாக இருக்கலாம். 60 அல்லது 120க்கு மாற்றுவது நல்லது. கணினி விளையாட்டுக்கான கதாபாத்திரம் என்றால் ஆசிரியர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் படைப்பின் பொருளே உங்கள் உடல் என்றால், அவர் நீக்கச் சொல்வது உள்ளடக்கத்தையே என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். சீராக்கியதையும் ஆக்காததையும் அருகருகே காட்டும் வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அது சீரானதை அளவுகோலாக்கிவிடும்.

கேள்வி: இத்தகைய படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும்போது பார்வையாளர்களுக்காக எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒளி நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக்கூடாது என்பது வலைத்தளங்களுக்கான பன்னாட்டு அணுகல் வழிகாட்டி விதிக்கும் வரம்பு; வலிப்பு அபாயத்தைக் கருதி அரங்கிலும் அதையே பின்பற்றுங்கள். ஒலியைக் குறைக்கும் வசதி இருக்கட்டும். உள்ளே என்ன ஒளி, என்ன ஒலி என்பதை வாசலிலேயே எழுதி வையுங்கள். பார்வையாளர் எழுந்து நடக்கவும் ஆடவும் அறையில் இடம் விடுங்கள், அவர்களை அமைதியாக உட்காரச் சொல்ல வேண்டாம் என்று காவலாளியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.