எலக்ட்ரிக் பைக் த்ராட்டில் விட்டு விட்டு வேலை செய்யுது, சரி பண்ணலாமா இல்ல புதுசு மாத்தணுமா?

நீங்க சொன்னது இதான்: பேட்டரி ஃபுல், டிஸ்ப்ளே எரியுது, பெடல் மிதிச்சா மோட்டார் எப்பவும் போல ஓடுது, ஆனா த்ராட்டில முறுக்கினா சில நேரம் வருது சில நேரம் வரல, ஹேண்டில ஒரு பக்கம் ஒடிச்சா சுத்தமா கட் ஆகுது. புதுசு ஆர்டர் போடலாமான்னு கேக்குறீங்க. கொஞ்சம் பொறுங்க, பாதி பதில் உங்க கேள்விலயே இருக்கு. பெடல் அசிஸ்ட்ல மோட்டார் ஒழுங்கா ஓடுதுன்னா பேட்டரி, கன்ட்ரோலர் (மோட்டாருக்கு கரண்ட அளந்து விடுற பெட்டி), மோட்டார் மூணும் நல்லா இருக்கு, பிரேக் பிடிச்சா மோட்டார நிறுத்துற கட்ஆஃப் சுவிட்சும் சிக்கிக்கல, ஏன்னா அது சிக்கியிருந்தா பெடலுக்கும் மோட்டார் வந்திருக்காது. ஹேண்டில் திரும்புறப்போ கட் ஆகுதுன்னா பெரும்பாலும் ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கும், இல்லன்னா கனெக்டர்ல பிடி விட்டிருக்கும். ரெண்டுமே சரி பண்ணக்கூடியதுதான்.

நான் இந்த மாதிரி பைக் நிறைய பிரிச்சுப் பாத்திருக்கேன், வர்றவங்க எல்லாருக்கும் முதல்ல சொல்றது ஒண்ணுதான், மீட்டர் வச்சுப் பாக்காம எந்த பார்ட்டும் வாங்காதீங்க. வோல்டேஜ் அளக்குற சாதாரண மல்டிமீட்டர் போதும்.

அதுக்கு முன்னாடி மீட்டரே தேவையில்லாத ரெண்டு விஷயத்தப் பாத்துடுங்க. சில பைக்ல அசிஸ்ட் லெவல் (மோட்டார் எவ்ளோ உதவணும்னு வைக்குற அளவு) 0ல இருந்தா த்ராட்டில் வேலையே செய்யாது, சிலதுல ரெண்டு மிதி மிதிச்ச பிறகுதான் த்ராட்டில் உயிர் பெறும், அது செட்டிங், ஃபால்ட் இல்ல. இன்னொண்ணு, த்ராட்டில முறுக்கிப் பிடிச்சுக்கிட்டே பவர் ஆன் பண்ணா நிறைய கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக ஓட மறுத்துடும், விட்டுட்டு மறுபடி ஆன் பண்ணணும். டிஸ்ப்ளேல எரர் கோடு வந்தா குறிச்சு வச்சுக்கங்க. பாஃபாங் கம்பெனி டிஸ்ப்ளேன்னா 04 வந்தா த்ராட்டில் பழைய இடத்துக்குத் திரும்பலன்னு அர்த்தம், 05ன்னா த்ராட்டில்லயே ஃபால்ட். மத்த டிஸ்ப்ளேல நம்பர் வேற வேற அர்த்தம், அதனால இந்த நம்பர எல்லாத்துக்கும் வச்சுப் பாக்காதீங்க.

இப்ப த்ராட்டில் உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். பெட்ரோல் வண்டி மாதிரி இதுல கேபிள் இழுக்குறது இல்ல. உள்ள ஒரு சின்ன காந்தம், ஒரு ஹால் சென்சார், ஒரு ஸ்பிரிங், அவ்ளோதான். முறுக்க முறுக்க காந்தம் சென்சார் முன்னாடி நகருது, சென்சார்ல இருந்து வர்ற வோல்டேஜ் ஏறுது, அத வச்சு கன்ட்ரோலர் மோட்டாருக்கு எவ்ளோ கரண்ட் விடணும்னு முடிவு பண்ணுது. காந்தத்தால மின்னோட்டம் ஒதுங்கி வோல்டேஜ் உண்டாகுறத எட்வின் ஹால் 1879ல கண்டுபிடிச்சாரு, அவர் பேர்தான் சென்சாருக்கு. எதுவும் எதோடயும் உரசாததால சென்சார் தேய்ஞ்சு போறது கிடையாது. பெரும்பாலும் போறது ஒயர், கனெக்டர், ஸ்பிரிங், இல்லன்னா உள்ள தண்ணி புகுந்திருக்கும்.

மூணு ஒயர் வரும். சிவப்பு 5 வோல்ட் சப்ளை (சில கன்ட்ரோலர்ல 4.3 கிட்ட இருக்கும், அதுவும் ஓகே), கறுப்பு கிரவுண்ட், பச்சையோ வெள்ளையோ சிக்னல். கலர நம்பி மட்டும் போகாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும். சாவியோ பேட்டரி மீட்டரோ சேந்து இருக்குற த்ராட்டில்னா நாலாவது அஞ்சாவது ஒயரும் வரும், அதுல முழு பேட்டரி வோல்டேஜே ஓடும், 36 வோல்ட் பேட்டரி ஃபுல் சார்ஜ்ல 42, 48 வோல்ட் பேட்டரின்னா 54.6. அந்த ஒயர் தெரியாம 5 வோல்ட் லைன்ல பட்டுச்சுன்னா த்ராட்டில், பெடல் சென்சார், கன்ட்ரோலர் எல்லாம் ஒரே நொடில போயிடும். எந்த ஒயர் என்னன்னு மீட்டர்ல பாத்து உறுதி பண்ணாம எதையும் எதோடயும் சேக்காதீங்க, இத கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

டெஸ்ட் பண்றது இப்படி. பின் சக்கரம் தரையத் தொடாத மாதிரி பைக்க தூக்கி நிறுத்துங்க, மோட்டார் முன் சக்கரத்துல இருந்தா முன்னாடி தூக்குங்க. மீட்டர டிசி 20 வோல்ட்ல வைங்க. கனெக்டர் மாட்டினபடியே, பின்பக்கம் ஒயர் நுழையுற ஓட்டை வழியா மெல்லிசான ஊசி விட்டு அதுல மீட்டர் முனைய வைங்க. சிவப்பு ஊசியும் கறுப்பு ஊசியும் ஒண்ணையொண்ணு தொட்டா கன்ட்ரோலர்ல இருக்குற 5 வோல்ட் ரெகுலேட்டர் அடி வாங்கும், அதனால நிதானமா பண்ணுங்க. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல 5 கிட்ட வரணும். அடுத்து சிக்னலுக்கும் கறுப்புக்கும் நடுவுல, விட்டிருக்கும்போது 0.8ல இருந்து 1 வோல்ட், மெதுவா முறுக்க முறுக்க குதிக்காம ஏறி 3.5ல இருந்து 4.2க்குள்ள போய் நிக்கணும், விட்டா உடனே பழைய இடத்துக்கு வரணும். உங்க கேஸ்ல முக்கியமான டெஸ்ட் அடுத்ததுதான்: பாதி முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொருத்தர மீட்டரப் பாக்கச் சொல்லி, ஹேண்டில இந்தக் கோடி அந்தக் கோடி திருப்புங்க, ஒயர அங்கங்க லேசா வளைங்க. எந்த இடத்த வளைக்கும்போது ரீடிங் எகிறுதோ விழுதோ அங்கதான் பிரச்சனை.

5 வோல்ட்டே வரலன்னா த்ராட்டில கழட்டிட்டு கன்ட்ரோலர் பக்கம் மட்டும் பாருங்க. கழட்டினதும் 5 திரும்ப வந்தா த்ராட்டில் உள்ள ஷார்ட். அப்பவும் வரலன்னா த்ராட்டில் மேல தப்பில்ல, பெடல் சென்சாரும் மோட்டார் ஹால் சென்சாரும் பெரும்பாலும் அதே 5 வோல்ட்லதான் ஓடுது, பவர ஆஃப் பண்ணி ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கணும். உங்களுக்கு பெடல் அசிஸ்ட் ஓடுறதால இந்த வம்பு இருக்காதுன்னு நினைக்கிறேன்.

கனெக்டர நல்ல வெளிச்சத்துல பாருங்க. தண்ணி புகாத உருண்டை கனெக்டர்னா மேல அம்புக்குறி இருக்கும், அம்ப அம்போட நேரா வச்சு நேரா அழுத்தணும், நேரா இழுக்கணும், திருகக் கூடாது. யாராவது திருகியிருந்தா உள்ள மூணு பின்ல ஒண்ணு படுத்துக் கிடக்கும், பின் அடியில பச்சையா களிம்பு பூத்திருக்கும். படுத்த பின்ன சின்ன ட்வீசரால ஒரே தடவைல மெதுவா நிமித்துங்க, முன்ன பின்ன ஆட்டினா ஒடிஞ்சிடும். களிம்புக்கு கான்டாக்ட் கிளீனர் அடிச்சு நல்லா காயவிட்டு மாட்டுங்க. நிறைய த்ராட்டில் இதுலயே சரியாயிடும்.

ஒயர் அறுந்திருந்தா பெரும்பாலும் த்ராட்டில் பாடில இருந்து ஒயர் வெளிய வர்ற இடத்துலயோ ஹேண்டில் மடங்குற இடத்துலயோதான் அறுந்திருக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, மேல் ரப்பர் முழுசா இருக்கும், உள்ள செம்பு மட்டும் ஒடிஞ்சிருக்கும். ஒரு சின்ன ஒயர விரல்ல பிடிச்சு லேசா இழுத்தா நல்ல இடம் கம்பியா விறைப்பா நிக்கும், ஒடிஞ்ச இடம் மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். பேட்டரியக் கழட்டிட்டு அந்தத் துண்ட வெட்டி எடுத்துடுங்க. ஹீட் ஷ்ரிங்க் ட்யூப (சூடு காட்டினா சுருங்கி ஒயர இறுக்குற ட்யூப்) முதல்லயே ஒயர்ல கோத்துட்டு அப்புறம் சால்டர் பண்ணுங்க, மூணு ஜாயிண்டும் ஒரே இடத்துல பக்கம் பக்கமா வராம மேல கீழ தள்ளித் தள்ளி போடுங்க, கடைசியா மொத்தத்துக்கும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஒண்ணு. ஒயர முறுக்கி டேப் சுத்தி விடுறது இங்க வேண்டவே வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

சிக்னல் ஒயர் அறுந்தா பைக் நிக்கும், அவ்ளோதான். ஆனா கறுப்பு ஒயர், அதாவது கிரவுண்ட் அறுந்தா, சென்சார் வெளியீடு சப்ளை வோல்டேஜ் பக்கமா ஏறிடும், கன்ட்ரோலருக்கு நீங்க முழுசா முறுக்கின மாதிரி தெரியும். நல்ல கன்ட்ரோலர் இது இயல்பான அளவு இல்லன்னு புரிஞ்சுக்கிட்டு கட் பண்ணும், சாதா கன்ட்ரோலர் ஃபுல் ஸ்பீடுல பாஞ்சுடும். அதே மாதிரி உள்ள காந்தம் கழண்டு விழுந்துட்டா சிக்னல் பூஜ்யத்துக்குப் போகாது, சப்ளைல பாதி, கிட்டத்தட்ட 2.5 வோல்ட்ல நிக்கும், அதாவது யாரும் கை வைக்காமலே பாதி த்ராட்டில். அதனாலதான் லூஸ் ஜாயிண்ட் போட்ட த்ராட்டில பாத்தாலே எனக்கு பதறும்.

என் கணக்கு சிம்பிள். ஒயர், கனெக்டர்னா சரி பண்ணுங்க. ஸ்பிரிங் தளந்து கைய விட்டதும் திரும்பி வரலன்னாலோ, காந்தம் ஆடுதுன்னாலோ, பாடி விரிசல் விட்டிருந்தாலோ பாக்கவே வேண்டாம், புதுசு. சென்சார் மட்டும் போயிருந்தா 49E வகை ஹால் சென்சார் தனியா வாங்கி மாத்த முடியும், எழுத்து இருக்குற முகம் நம்மளப் பாக்க வச்சா இடமிருந்து சப்ளை, கிரவுண்ட், சிக்னல். ஆனா முன்பின்னா திருப்பி ஒட்டிட்டா வோல்டேஜ் தலைகீழா வரும், விட்டா ஃபுல், முறுக்கினா குறையும். சால்டரிங்ல கை பழகினவங்க, மாட்டினப்புறம் மீட்டர்ல பாக்குற பொறுமை உள்ளவங்க மட்டும் செய்யுங்க, மத்தவங்களுக்கு புது த்ராட்டில்தான் நல்லது. பெரிய எலக்ட்ரிக் ஸ்கூட்டர், மோட்டார்சைக்கிள் சிலதுல பாதுகாப்புக்காக ரெண்டு சென்சார் வச்சிருப்பாங்க, ரெண்டோட கணக்கும் பொருந்தினாத்தான் ஓடும், அதுல கை வைக்காம அதே மாடல் பார்ட்டையே போடுங்க.

புதுசு வாங்குறதா இருந்தா, ஹால் டைப்பான்னு பாருங்க, 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் டைப்பும் இருக்கு, கன்ட்ரோலர் எத எதிர்பாக்குதோ அதான் வேணும். ஹேண்டில்பார் பிடி பக்கம் பொதுவா 22.2 மி.மீ. தடிமன், உங்களோடத அளந்துக்கங்க. வலதா இடதா, ஒயர் நீளம், கனெக்டர் வடிவம், பின் எண்ணிக்கை. முறுக்குற வகைய விட கட்டைவிரலால அழுத்துற வகைதான் நான் சிபாரிசு பண்ணுவேன், ஏன்னா பவர் ஆன்ல இருக்கும்போது பைக்க தள்ளிக்கிட்டுப் போனா கை தானா பிடிய இறுக்கும், முறுக்குற வகைல அதுவே பைக்க முன்னாடி பாய வச்சுடும்.

கனெக்டர் பொருந்தலன்னா பழைய த்ராட்டில்ல இருந்து கனெக்டர ஒரு அடி ஒயரோட வெட்டி புதுசுல சால்டர் பண்ணலாம், கலர் பாத்து இல்ல, எந்த பின்ல 5 வோல்ட், எந்த பின் கிரவுண்ட்னு கன்ட்ரோலர் பக்கம் அளந்து பாத்துட்டு. மாட்டும்போது முறுக்குற பாகத்துக்கும் பக்கத்து ரப்பர் பிடிக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு மி.மீ. இடைவெளி விடுங்க, ஒட்டி இருந்தா உரசி திரும்பாம நின்னுடும். ஸ்க்ரூவ த்ராட்டில் சுத்தாத அளவுக்கு இறுக்கினா போதும், பிளாஸ்டிக் பாடி வெடிச்சிடக் கூடாது. ஹேண்டில ரெண்டு கோடிக்கும் திருப்பிப் பாத்து ஒயர் விறைக்காத அளவுக்கு தளர விட்டு அப்புறம் ஒயர் கட்டுற டேக் போடுங்க, இல்லன்னா இதே இடத்துல மறுபடி அறுக்கும்.

சக்கரம் தூக்கின நிலைலயே பவர் ஆன் பண்ணுங்க, நீங்க தொடாமலே சக்கரம் அசைஞ்சா உடனே ஆஃப். அசையலன்னா மெதுவா முறுக்கி, சட்டுனு விட்டு, பல தடவ பாருங்க. அப்புறம் சக்கரம் சுத்திக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு பிரேக்கையும் தனித்தனியா பிடிங்க, கட்ஆஃப் உள்ள பைக்னா த்ராட்டில் முறுக்கியிருந்தாலும் மோட்டார் நிக்கணும். நிக்கலன்னா அந்த சுவிட்ச சரி பண்ணிட்டு அப்புறமா ரோட்டுல எடுங்க.