டிஸ்சார்ஜ் நாளிலேயே சொல்லிவிட முடியுமா?

கோவிட்டுக்காக மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியவருக்கு அசதியும் மூச்சு வாங்குவதும் நீடிக்குமா என்று முன்பே கணிக்க முடியுமா எனக் கேட்டிருக்கிறீர்கள். ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு முடியும். உங்கள் வீட்டு ஆளைக் காட்டிக் கேட்டால் கடினம். நான் மருத்துவன் அல்ல; 2021 மே மாதம் மனைவியோடு சேர்ந்து கோவிட்டில் படுத்தவன்.

அப்போது நுரையீரல் எவ்வளவு பாதித்திருக்கிறது என்று காட்டும் சி.டி. ஸ்கேன் மதிப்பெண்ணைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் போல ஊரே விசாரித்தது. எனக்கு 25க்கு 16. ஒன்பது நாள் ஆக்சிஜன். அவளுக்கு 7, நான்கே நாளில் வீடு. பின்விளைவு எனக்குத்தான் என்று உறவினர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். நான் ஆகஸ்டில் வேலைக்குப் போய்விட்டேன். அவள்தான் தீபாவளிக்கு முறுக்குப் பிழியும்போது பாதியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் வைத்ததை மறப்பது அடுத்த கோடை வரை நீடித்தது. பார்த்த மருத்துவர் ஒருவர், "மனப்பயம்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

பிறகுதான் பிரிட்டனின் பாஸ்ப்-கோவிட் ஆய்வைப் படித்தேன். மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களில் முழுக்கக் குணமாகிவிட்டதாகச் சொன்னவர்கள் ஐந்தாம் மாதத்தில் நால்வருக்கு ஒருவர்தான். ஓராண்டு கழித்தும் 29 சதவீதம்தான். பெண்கள், உடல்பருமன் உள்ளவர்கள், வென்டிலேட்டரில் இருந்தவர்கள் ஆகியோருக்கே முழுக் குணம் அரிதாக இருந்தது. வூகானில் 1,733 பேரை ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது 63 சதவீதத்தினருக்கு அசதியோ தசைச் சோர்வோ இருந்தது. அங்கும் பெண்களுக்கே பாதிப்பு கூடுதல்.

மறதிக்கு இரத்தத்திலும் ஒரு தடயம் உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தபோது, உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவோடு ஒப்பிட, இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதமோ, உறைந்த இரத்தம் கரையும்போது உண்டாகும் டி-டைமரோ கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் நினைவும் சிந்தனையும் தடுமாறுவது அதிகம் என்று 2023இல் அதே ஆய்வுக் குழு கண்டது. படித்த அன்றே பீரோவைக் குடைந்து அவளுடைய பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்தேன். "இப்போது அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்றாள். நியாயம்தான், ஒற்றை எண்ணை வைத்து ஒருவருக்கு ஜாதகம் எழுத முடியாது.

ஆகவே ஸ்கேன் மதிப்பெண்ணை மறந்துவிட்டு நாள்காட்டியைப் பாருங்கள். தொற்று தொடங்கி மூன்று மாதம் ஆகியும் தொல்லை இருந்து, அது இரண்டு மாதமாவது நீடித்து, வேறு காரணமும் இல்லையென்றால் அதை நீள்கோவிட் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அந்தச் சமயத்தில் மாடிப்படி ஏறினால் எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்குச் சோர்வு வருகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்து, அந்தத் தாளோடு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். எங்களுக்கு இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அந்தத் தாளைத்தான் முதலில் வாங்கிப் படித்தார்.