கரும்புள்ளியில் பிளக்கும் கோடு

கேள்வி: சூரியக் கரும்புள்ளியின் காந்தப்புலம் 3,000 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) என்று படித்தேன். அங்கே போய் அளக்க முடியாதே! அதை அளக்க, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி எதற்கு?
– வாசகி ஒருவர், அருப்புக்கோட்டை

பதில்: வந்து சேரும் ஒளியை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், ஒவ்வொரு வகை அணுவுக்கும் உரிய அலைநீளங்களில் மெல்லிய கோடுகள் தெரியும்; இவைதான் நிறமாலைக் கோடுகள். காந்தப்புலத்துக்குள் இருக்கும் அணுவின் நிறமாலைக் கோடு, ஒன்றாக இல்லாமல் பலவாகப் பிளக்கும். 1896-இல் டச்சு இயற்பியலாளர் ஸீமன் கண்டுபிடித்தது இது. 1908-இல் அமெரிக்க வானியலாளர் ஹேல், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் இருந்து கரும்புள்ளியின் ஒளியிலேயே இந்தப் பிளவைப் பார்த்துவிட்டார்.

வாத்தியாராக இருந்தபோது எனக்கும் இதைக் காட்டிவிட ஆசை. சோடியம் விளக்கை ஏற்றி, ஆய்வகத்தில் இருந்ததிலேயே பெரிய காந்தத்தைப் பக்கத்தில் வைத்து, பையன்களை வரிசையில் நிறுத்தி ஸ்பெக்ட்ரோமீட்டரில் (நிறமாலையைப் பார்க்கும் கருவி) பார்க்கச் சொன்னேன். இரண்டு மஞ்சள் கோடும் அசையாமல் நின்றன. அப்புறம் கணக்குப் போட்டால், 1,000 காஸுக்கு வரும் பிளவு, அந்த இரு கோடுகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை!

கரும்புள்ளியிலும் இதே தொல்லைதான். சிவப்பில், 630.25 நானோமீட்டரில் உள்ள இரும்புக் கோட்டை எடுத்தால், 1,500 காஸுக்குப் பிளந்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கோடு கொஞ்சம் தடித்த மாதிரிதான் தெரியும். அலைநீளம் கூடினால் கோட்டின் தடிமன் அதே அளவில்தான் கூடும். பிளவோ அதன் வர்க்கத்தில் கூடும். அதனால் அகச்சிவப்பில் 1564.8 நானோமீட்டர் இரும்புக் கோட்டில் பிளவு ஏழு மடங்கு. தடிமனைக் கழித்துப் பார்த்தாலும் மூன்று மடங்கு லாபம். துண்டுகள் விலகி நிற்கும், இடைவெளியை அளந்தால் காஸ் கிடைத்துவிடும். சுற்றியுள்ள பிரகாசத்திலிருந்து சிதறி வரும் ஒளி நடுக்கோட்டில் சேர்ந்து குழப்பினாலும், ஓரத் துண்டுகள் இடம் மாறாது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அமெரிக்காவில், அரிசோனாவின் கிட் பீக் வானாய்வகத்தில் லிவிங்ஸ்டன் என்ற வானியலாளர் இந்த அகச்சிவப்புக் கோட்டை வைத்துப் பல ஆண்டுகள் புள்ளி புள்ளியாக அளந்தார். அவரும் சக ஆய்வாளர் பென்னும் பார்த்தபோது, சராசரிப் புலம் ஆண்டுக்குச் சுமார் 50 காஸ் குறைந்துவந்தது. 1,500-க்குக் கீழே புள்ளியே உருவாகாது. அப்படியானால் சீக்கிரம் புள்ளிகள் அருகிப்போகும் என்றார்கள். ஆரம்பத்தில் அளந்த புள்ளிகள் குறைவு என்பதால் எனக்கு அப்போதே சந்தேகம். 2024 மே மாதம் கிரகணக் கண்ணாடியோடு மொட்டை மாடிக்குப் போனேன். தொலைநோக்கி இல்லாமலே ஒரு பெரிய புள்ளிக் கூட்டம் தெரிந்தது.