பாத்ரூம் வேலை: பில்டரிடமா, வெளியாளிடமா?

கேள்வி: ஓசூரில் அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு வாங்குகிறோம். இப்போது பூச்சு வேலை நடக்கிறது. இரண்டு பாத்ரூமுக்கும் 'அப்கிரேடு' என்று பில்டர் ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார். சாவி வாங்கியபின் வெளியாளை வைத்துச் செய்தால் பாதிச் செலவில் முடியும் என்கிறார் என் தம்பி. யார் சொல்வது சரி?
— வாசகி, ஓசூர்

பதில்: ஒன்றே முக்கால் லட்சம் என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் சரி, தப்பு சொல்ல முடியாது. முதலில் அதைப் பிரித்து எழுதி வாங்குங்கள். டைல்ஸ் சதுர அடிக்கு என்ன விலை, ஃபிட்டிங்ஸ் என்ன மாடல், கூலி எவ்வளவு, வரி எவ்வளவு என்று தனித்தனியாக வரவேண்டும். வீட்டு விலையிலேயே சாதாரண டைல்ஸும் குழாயும் அடங்கியிருக்கின்றன. அந்த மதிப்பைக் கழித்திருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5க்கு 8 அடி பாத்ரூம், 7 அடி உயரம் வரை டைல்ஸ். சுற்றளவு 26 அடி, சுவர் 182 சதுர அடி. கதவுக்கு 17 கழித்தால் 165. தரை 40. மொத்தம் 205, பத்து சதவீதம் சேதாரம் சேர்த்தால் 225. ஒப்பந்தத்தில் சதுர அடி 45 ரூபாய் டைல்ஸ், நீங்கள் கேட்பது 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 35 ரூபாய். ஒரு பாத்ரூமுக்கு 7,875, இரண்டுக்கும் 15,750. பெரிய அளவு டைல்ஸ் என்றால் கூலி கொஞ்சம் கூடும், அது நியாயம். ஆனால் அவர் பட்டியலில் டைல்ஸுக்கு மட்டும் 36,000 என்று இருந்தால், 80 ரூபாயையும் முழுதாக உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

விலை படிந்தபின், சுவருக்கும் தரைக்கும் உள்ளே போவதை எல்லாம் பில்டரிடமே விடுங்கள். சுடுதண்ணீர் தாங்கும் சி.பி.வி.சி. பைப் லைன், கன்சீல்டு டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிட, சுவருக்குள் பதிக்கும் வால்வு), சுவரில் தொங்கும் கம்மோடுக்கான ஃபிரேம், கீசர் பாயின்ட், வாட்டர்புரூஃபிங், அதன்மேல் வரும் டைல்ஸ் எல்லாம் இதில் அடங்கும். காரணம், கசிவு வந்தால் பொறுப்பு யாருடையது என்பதுதான். ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வேலைப்பாட்டில் குறை தெரிந்தால், எழுத்தில் சொன்ன 30 நாளுக்குள் பில்டர் செலவில்லாமல் சரிசெய்து தரவேண்டும். நீங்கள் சாவி வாங்கித் தரையை உடைத்தால் வாட்டர்புரூஃபிங் பூச்சும் உடையும். ஆறு மாதத்தில் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் ஏறும். பில்டர் உங்கள் ஆளைக் காட்டுவார், உங்கள் ஆள் பில்டரைக் காட்டுவார். அப்கிரேடு பட்டியலையும் ஒப்பந்தத்தோடு இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

உடைக்காமல் பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டலாம் என்பார்கள். பசையோடு சேர்த்துத் தரை 12 முதல் 15 மி.மீ. உயரும். அறைக்கும் பாத்ரூமுக்கும் இருந்த ஒரு அங்குல இறக்கத்தில் பாதி போய்விடும், கதவின் அடியைச் சீவவேண்டி வரும், குளித்த தண்ணீர் அறைக்குள் எட்டிப்பார்க்கும்.

டைவர்ட்டர் மாடலைப் பைப் லைன் போடும் முன்பே முடிவுசெய்யுங்கள். அதன் உடம்பில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். ஆழமாகப் போனால் கைப்பிடி எட்டாது, தனியாக எக்ஸ்டென்ஷன் வாங்கவேண்டும். வெளியே துருத்தினால் மேல்தட்டு சுவரோடு உட்காராது. டைல்ஸ் ஒட்டி முடியும்வரை பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற விடாதீர்கள்.

கண்ணாடி, வாஷ்பேசின் கீழ் அலமாரி, கிளாஸ் தடுப்பு, டவல் ராடு, ஸ்டாண்டு எல்லாம் வெளியாளிடம் தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் தம்பி சொல்லும் மிச்சம் நிஜமாகவே இங்கே கிடைக்கும். ஆனால் டைல்ஸ் ஒட்டும் முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பைப் பிடித்துப் பைப் லைனைப் படம் எடுத்துவையுங்கள். டவல் ராடுக்குத் துளை போட்டவர் சுடுதண்ணீர் பைப்பையும் சேர்த்துத் துளைப்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: தருமபுரியில் தனிவீடு கட்டுகிறோம். கூலி மட்டும் மேஸ்திரிக்கு, பொருள் எங்களுடையது. விட்ரிஃபைடு டைல்ஸுக்கும் சிமெண்ட் கலவையே போதும், பசை வீண்செலவு என்கிறார்.
— வாசகர், தருமபுரி

பதில்: சாதாரண செராமிக் சுவர் டைல்ஸைப் பற்றிச் சொன்னால் அவர் சொல்வது தப்பில்லை. அது பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும், சிமெண்ட் பால் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு அரை சதவீதம்கூட உறிஞ்சாது. சிமெண்டில் ஒட்டினால் காய்ந்தபின் முதுகு வழவழவென்று தனியாகக் கழன்று வரும். ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர முத்திரையில் 'டைப் 2' பசை கேளுங்கள். 20 கிலோ மூட்டை, 3 மி.மீ. கனத்தில் 45 சதுர அடிக்குச் சற்று மேல் வரும். மேலே சொன்ன அளவு பாத்ரூமுக்கு ஐந்து மூட்டை வாங்கினால் போதும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்தும் பழக்கத்தைத் தடுங்கள். பல் கரண்டியால் முழுக்க இழுத்துவிட்டுத்தான் ஒட்டவேண்டும். மறுநாள் நாணயத்தால் தட்டுங்கள். டொக்கு டொக்கென்று கேட்கும் டைலை அப்போதே எடுத்து மாற்றிவிடலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட்டு அடித்து, தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஒரு அடி ஏற்றி, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். காய்ந்தபின் தரை ஓட்டையை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டு, 48 மணி நேரம் விடுங்கள். கோடு இறங்காமல் இருந்து, வெளிச்சுவரிலும் கூரையடியிலும் ஈரம் இல்லாவிட்டால்தான் டைல்ஸுக்கு ஆளைக் கூப்பிடவேண்டும். தரை வாட்டம் 80க்கு 1. அதாவது 8 அடிக்கு ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல்.

கேள்வி: நம்மூர்க் கறுப்பு கிரானைட்டையே பாத்ரூம் சுவருக்கும் தரைக்கும் போட்டு, குழாய்களையும் கறுப்பில் எடுக்கலாமா? போர் தண்ணீர்தான்.
— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: போர் தண்ணீர் என்றால் வேண்டாம். பாலிஷ் போட்ட கறுப்பில் உப்புக்கறை ஒரே வாரத்தில் வெள்ளையாகத் தெரியும். மேட் கறுப்புக் குழாய்க்கும் அதே கதி. பலர் இதை ஃப்ளோரைடு என்கிறார்கள். கறைக்குக் காரணம் கால்சியமும் மெக்னீசியமும்தான். ஃப்ளோரைடு குடிக்கும் தண்ணீரின் பிரச்சினை, அதற்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்தது.

கிரானைட்டை வாசல் படிக்கும் வாஷ்பேசின் மேடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வெளிர் சாம்பல் அல்லது சந்தன நிற டைல்ஸ், தரைக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 என்று குறித்த வழுக்காத டைல்ஸ், குழாய்க்குக் குரோம் போதும். கறை போக ஆசிட் ஊற்றினால் குரோமும் போகும், டைல்ஸ் இடுக்குச் சிமெண்டும் கரையும். குழாய் முனையில் உள்ள வலையை மாதம் ஒருமுறை திருகிக் கழற்றி, வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்து மாட்டுங்கள்.