குழந்தைக்கு ரத்தக் கால்சியம் ஏன் கூடுகிறது? – குழந்தைகள் ஹார்மோன் சிறப்பு மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மூன்று மாத மகனுக்குக் கால்சியம் டெசிலிட்டருக்கு 12.6 மில்லிகிராம். பால் குடிப்பதில்லை, மலச்சிக்கல் வேறு. காரணம் தெரியவில்லை என்கிறார்கள்.

பதில்: வாந்தி, சோர்வு, நீர்ச்சத்துக் குறைவு இருந்தால் இன்றே மருத்துவமனையில் சேருங்கள். கையை நெடுநேரம் இறுகக் கட்டி எடுத்த ரத்தத்தில் அளவு கூடுதலாகக் காட்டும். அதனால் அயனிக் கால்சியத்துடன் (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் பகுதி) மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் கூடுதலென்றால், அதே ரத்தத்தில் பாராதைராய்டு ஹார்மோனை, அதாவது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி சுரந்து கால்சியத்தை ஏற்றும் ஹார்மோனை, அளக்கச் சொல்லுங்கள். பாதை பிரிவது அங்கேதான். கால்சியம் ஏறினால் ஒழுங்கான சுரப்பி அடங்கிவிடும். அது அடங்கியிருந்தால் வைட்டமின் டி மிகுதி, வில்லியம்ஸ் நோய்க்குறி என்னும் பிறவி மரபணுக் கோளாறு போன்றவற்றைத் தேடுவோம். அடங்காவிட்டால் சந்தேகம் சுரப்பியின் மீதும், கால்சியத்தை உணரும் அதன் ஏற்பியின் மீதும் விழும். பாஸ்பேட், அல்கலைன் பாஸ்பட்டேஸ், சிறுநீர்க் கால்சியம், சிறுநீரக ஸ்கேன் ஆகியவையும் வேண்டும். இவற்றைப் பார்க்காமலே ‘காரணம் தெரியவில்லை’ என்பதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுத்தேன். என் தவறா?

பதில்: அந்தப் புட்டியைக் கையோடு கொண்டுவாருங்கள். சிலவற்றில் 400 அலகு ஒரு மில்லியில் இருக்கும், சிலவற்றில் ஒரே சொட்டில். இரண்டாவதை மில்லிக் கணக்கில் ஊற்றினால் அளவு பல மடங்காகிவிடும். சரியாகவே கொடுத்திருந்தாலும் கால்சியம் ஏற ஒரு வாய்ப்பு உண்டு. 1950களில் பிரிட்டனில் குழந்தை உணவுகளில் வைட்டமின் டி தாராளமாகச் சேர்க்கப்பட்டபோது சில குழந்தைகள் மட்டும் இப்படி நோயுற்றன. அவற்றில் சிலவற்றுக்கேனும் பொருந்தும் விளக்கம் 2011இல் கிடைத்தது: வைட்டமின் டியைச் சிதைக்கும் நொதிக்கான சிஒய்பி24ஏ1 மரபணுவில் பழுது. இதற்கு மரபணுப் பரிசோதனை உண்டு. அதுவரை சொட்டு மருந்து வேண்டாம்.

கேள்வி: கடினமான பிரசவம். இப்போது நான்கு வாரம். முதுகில் கெட்டியான, சிவந்த கட்டிகள்.

பதில்: தோலடிக் கொழுப்புத் திசு அழிவாக இருக்கலாம். கட்டி கரைந்த பிறகும்கூடக் கால்சியம் ஏறக்கூடும் என்பதால் சில மாதங்கள் ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள்.

கேள்வி: சிகிச்சை என்ன? பாலில் தண்ணீர் கலக்கலாமா?

பதில்: கூடவே கூடாது, ஊட்டம் குறையும், சோடியமும் இறங்கிவிடும். முதலில் ரத்தக் குழாய் வழியே உப்புநீர். தேவைப்பட்டால் கால்சியம் குறைந்த, வைட்டமின் டி இல்லாத சிறப்புப் பால் பவுடர், மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். வைட்டமின் டி தொடர்பான வகைகளில் ஸ்டீராய்டு உதவும். அளவு இறங்க மறுத்தால், எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுவதைத் தடுக்கும் பாமிட்ரோனேட். நீர்ச்சத்து சரியாகும் முன் ஃப்யூரோஸ்மைடு என்னும் சிறுநீர் பெருக்கும் மருந்தைக் கொடுத்தால் உடல் மேலும் வறண்டு, கால்சியம் இன்னும் ஏறும்.

கேள்வி: மகளுக்கு 11.3, எனக்கும் 10.9. இருவரும் நலம். அவளுக்குப் பாராதைராய்டு ஹார்மோன் இயல்பு, சிறுநீரில் கால்சியம் குறைவு. அறுவை சிகிச்சை என்கிறார்களே?

பதில்: அவசரப்படாதீர்கள். இது பரம்பரையாக வரும், பெரும்பாலும் தீங்கற்ற வகையாகத் தெரிகிறது. அதற்குக் கத்தி தேவையில்லை. ஆனால் உங்கள் கணவருக்கும் கால்சியம் பாருங்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்திருந்தால் அது பிறந்த சில நாட்களிலேயே கடுமையாக வெளிப்படும் வேறு நோய்.