இறால் ஓடும் மரபணுவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொண்டி அருகே இருபது ஆண்டுகளாக இறால் கொள்முதல் செய்து வருகிறேன். உரித்த ஓடும் தலையும் மூட்டை மூட்டையாகக் கழிவில் போகின்றன. அந்த ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் மரபணுவை உடலுக்குள் கொண்டுசெல்லும் என்றும், அதையே தன் இறுதியாண்டு ஆய்வாக எடுக்கப்போவதாகவும் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அது உண்மையானால் கோவிட் தடுப்பூசிகள் சிலவற்றுக்குக் கொழுப்பை ஏன் நாடினார்கள்?

வாசகர், தொண்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொல்வது உண்மைதான். டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஓட்டிலுள்ள கைட்டினைக் காரத்தில் வேகவைத்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கும்போது வெளிப்படும் அமீன்கள் என்னும் நைட்ரஜன் தொகுதிகள், சற்றே அமிலமான நீரில் நேர்மின்னேற்றம் பெற்று, டிஎன்ஏ இழையைச் சுருட்டி நானோதுகளாக்கிக் கொள்கின்றன. மண்டபம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரைப் பாசியின் ஆல்ஜினேட்டும் கைட்டோசானைப் போலக் கடல் தரும் பாலிமரே, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறே. ஆனால் அதுவும் எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் அதற்கு இந்தப் பிடி கிடையாது. கைட்டோசானில் பொதிந்த டிஎன்ஏவைச் சுண்டெலிகளுக்கு வாய்வழியே கொடுத்து, நிலக்கடலை ஒவ்வாமையின் கடுமையைக் குறைக்கலாம் என்று 1999இலேயே காட்டிவிட்டார்கள்.

ஆனால் பற்றிக்கொள்வது எளிய பாதி. உரிய இடத்தில் விடுவதுதான் கடினம். செல் இத்துகளை விழுங்கும்போது அது எண்டோசோம் என்னும் சிறு பைக்குள் அடைபடுகிறது. பை வரவர அமிலமாகி, இறுதியில் உள்ளிருப்பதைச் செரித்துவிடும். அதற்குள் சவ்வைத் திறந்து வெளியேறாத மரபணுவால் பயனில்லை. 1995இல் பரவலாக அறிமுகமான பாலிஎத்திலீன்இமைன் என்ற செயற்கைப் பாலிமர், பைக்குள் வரும் புரோட்டான்களை உறிஞ்சி, அதை வீங்கவைத்து உடைக்கிறது என்று விளக்கம் சொல்லப்பட்டது. அது நன்றாக வேலை செய்தாலும் செல்லின் மற்ற சவ்வுகளையும் காயப்படுத்துகிறது. கைட்டோசான் அத்தகைய தீங்கைப் பெரிதாகச் செய்வதில்லை. எனினும் அதன் உறிஞ்சும் திறன் குறைவு என்று பலர் கருதுகிறார்கள்; மேலும் அது இரத்தத்தின் 7.4 பிஎச் அளவில் மின்னேற்றத்தின் பெரும்பகுதியை இழந்து, வழியிலேயே பிடி தளர்ந்துவிடவும் கூடும்.

நீங்கள் கேட்ட கொழுப்பு, அதாவது லிப்பிட் வழியிலும் தொடக்கத்தில் இதே இடர்ப்பாடு இருந்தது. 1987இல் பயன்படுத்திய லிப்பிடுகள் எப்போதும் நேர்மின்னேற்றத்துடனே இருந்ததால் இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டன, செல்களுக்கு நஞ்சாகவும் அமைந்தன. இரத்தத்தில் ஏறக்குறைய மின்னேற்றமற்றும், எண்டோசோமின் அமிலத்தில் மட்டும் நேர்மின்னேற்றம் பெற்றும் நடந்துகொள்ளும் லிப்பிடுகளை வடிவமைத்தபோதுதான் வழி திறந்தது. அவை அந்தப் பையின் எதிர்மின்னேற்ற லிப்பிடுகளோடு இணைந்து சவ்வின் அடுக்கையே குலைக்கின்றன. இவற்றோடு பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பாலிஎத்திலீன் கிளைக்கால் இணைத்த லிப்பிட் ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கிய துகள், 2018இல் பட்டிசிரான் என்ற ஆர்என்ஏ மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2020இன் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏ) கோவிட் தடுப்பூசிகள் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. இவ்வளவு செய்தும், 2013இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, செல்லுக்குள் போன சிறு ஆர்என்ஏவில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே பையிலிருந்து தப்புகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

தடுப்பூசிக்கு இன்னொரு சாதகமும் இருந்தது: எம்ஆர்என்ஏவைக் கொண்டு புரதம் செய்வது உட்கருவுக்கு வெளியே நடப்பதால், அது பையிலிருந்து வெளியேறினாலே போதும். உங்கள் மகள் டிஎன்ஏவை எடுத்தால், அது உட்கருவுக்குள்ளும் நுழைந்தாக வேண்டும்.

ஆகவே கைட்டோசான் டிஎன்ஏவைப் பற்றுகிறது என்று ஜெல்லில் (டிஎன்ஏவை மின்புலத்தில் நகரவிட்டுப் பார்க்கும் சோதனையில்) காட்டுவதோடு அவர் நின்றுவிட வேண்டாம். அதை ஏற்கெனவே பலர் செய்துவிட்டார்கள். செல்லுக்குள் எவ்வளவு புரதம் உருவானது என்பதை அளக்கட்டும். இன்னொன்றையும் அவர் ஆராயலாம். இதில் நம் கரையில் இருப்பவருக்கே வசதி அதிகம். அசிட்டைல் எவ்வளவு நீங்கியது, சங்கிலி எவ்வளவு நீளம் என்பவை ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் மாறுவது, இயற்கைப் பாலிமரை மருந்தாக்குவதில் பெருந்தடையாக இருக்கிறது. பண்ணையில் வளர்க்கும் வனாமி இறாலின் ஓட்டையும் கடல் இறாலின் ஓட்டையும் தனித்தனியே பதப்படுத்தி, இந்த இரு அளவுகளையும் புரத விளைச்சலோடு ஒப்பிட்டால் அது பயனுள்ள ஆய்வாகும். நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: ஓட்டை உரித்த அன்றே கழுவி உலர்த்தி அவரிடம் கொடுங்கள். அழுகத் தொடங்கிவிட்டால் நுண்ணுயிர்கள் கைட்டினையும் சிதைக்கத் தொடங்கும்; பிறகு எந்த வேறுபாடு இறாலால் வந்தது, எது அழுகலால் வந்தது என்று அவரால் பிரித்தறிய முடியாது.